டேப் ஒட்டாத கோடு

மாஸ்கிங் டேப்பைச் சுருளிலிருந்து இழுக்கும்போது வரும் 'கர்ர்' என்ற சத்தம் உனக்குப் பிடிக்காது. "பல்லுக் கூசுது புள்ள, அத அங்கால கொண்டு போ" என்று காதைப் பொத்துவாய். இன்று காலை உன் அறைக்குள்ளேயே ஏணி வைத்து ஏறி, உன் கட்டில் கிடந்த இடத்துக்கு நேர் மேலே நின்று அந்தச் சத்தத்தைக் கிளப்பினேன். காதைப் பொத்த ஆளில்லை. இழுத்த துண்டைச் சுவரில் ஒட்டப் போகும்போது கீழேயிருந்து உன் மகளின் குரல் வந்தது.

"அந்தப் பக்கம் வேணாம் சாச்சி. அது உம்மா அடிச்ச கோடு. அப்பிடியே இரிக்கட்டும்."

டேப் என் விரலில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. நான் இறங்கிவிட்டேன்.

எந்தப் பக்கம் என்று உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டிலில் மல்லாந்து படுத்தால் கண் போய் விழுகிற அதே பக்கம்தான். சீலிங்கின் வெள்ளை, சுவரின் நீலத்துக்குள் ஏறியும் இறங்கியும் நெளிந்து போகிற அந்தக் கோடு. நீ கடைசியாக டேப் இல்லாமல் அடித்த கோடு.

உனக்கு ஸலாம் சொல்லித் தொடங்கியிருக்க வேண்டும். சண்டைக்கு வருகிறவளுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது! அஸ்ஸலாமு அலைக்கும். நீ அடங்கியிருக்கிற மையவாடிப் பக்கம் நாங்கள் பெண்கள் வருவதில்லை. வருவதாக இருந்தால் நேரே வந்து உன்னிடமே கேட்டிருப்பேன். வழியில்லாததால் எழுதுகிறேன். சங்கதி இதுதான். உன் மகளுக்கு இது மாதம். பிள்ளை பிறந்தால் நாற்பது நாள் முடியும்வரை அந்த அறையில்தான் படுக்கை. அதற்காகத்தான் சீலிங் அடித்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். அவளுக்கு அந்தக் கோடு இருக்க வேண்டும். எனக்கு அந்தக் கோடு போக வேண்டும். உனக்கு என்ன வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் உம்மாவைப் பறிகொடுத்து ஒரு வருஷம்கூட ஆகாத, வாயும் வயிறுமாக நிற்கிற ஒருத்தியிடம், 'உன் உம்மாவின் கைவேலையை அழிக்கப் போகிறேன்' என்று எப்படிச் சொல்வது? ஊரில் எவளுக்கும் பயப்படாத வாய், அவளுக்கு முன்னால் அடைத்துப் போய்விட்டது.

நாம் சீலிங் அடிக்கத் தொடங்கியதே உன் வாய்த்துடுக்கால்தானே. தில்லையடியில் நம் ஒழுங்கைக் கடைசி வீட்டுக்காரி கணவனை இழந்து இத்தா இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் உள்ளே வரக்கூடாது. அந்த வருஷத்து மழைக்கு அவளுடைய கட்டிலுக்கு மேலே ஓடு ஒழுகி, சீலிங் முழுக்கத் தேயிலைச் சாயம் ஊற்றியதுபோல் கறை. பெயின்ட் அடிக்கிற ஆண் பாஸைக் கூப்பிட வழியில்லை. அவளுடைய கூடப் பிறந்த நானா, "இத்தா முடியட்டும், பிறகு பாப்பம்" என்று போய்விட்டார். நாம் பார்க்கப் போன அன்று அவள் மேலே கையைக் காட்டினாள்.

"கண்ண முழிச்சா இது, படுத்தா இது. அவர் போன கவல ஒரு பக்கம், இந்தக் கறை ஒரு பக்கம் என்னக் கொல்லுது."

நான் உச்சுக் கொட்டினேன். நீ, "நாங்க அடிச்சுத் தாறம்" என்றாய்.

படலைக்கு வெளியே வந்ததும் உன் கையைக் கிள்ளினேன். "நீ எந்தக் காலத்தில பெயின்ட் அடிச்சாய்?"

"ஏன், என்ட வீட்டுக் கதவுக்கு அடிச்சவ ஆரு?"

"கதவு நிக்குது. சீலிங் படுத்துக் கிடக்குது. ரெண்டும் ஒண்டா?"

"அப்ப அண்ணாந்து அடிப்பம். உனக்குக் கழுத்து இரிக்குதானே?"

அன்றைக்குப் பட்ட பாடு! ரோலரிலிருந்து சொட்டியதில் பாதி நம் முக்காட்டில். லுஹர்த் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழுச் செய்யப் போய், நகக்கண்ணில் காய்ந்ததைச் சுரண்டி எடுப்பதே தனி வேலையாகிப் போனது. ஆனால் அந்தப் பெண் மல்லாந்து படுத்து, மேலே பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று நீளமாக மூச்சு விட்டாள். அந்த மூச்சைக் கேட்ட பிறகு வீட்டில் சும்மா இருக்க நமக்கு மனம் வரவில்லை.

கதை பரவ எத்தனை நேரம்? இத்தா வீடுகள், பிள்ளை பெற்ற வீடுகள், புருஷன் கட்டாரில் இருக்கிற வீடுகள். கல்பிட்டிப் பக்கமிருந்து கூப்பிட்டார்கள். ஆண்கள் கடலுக்குப் போயிருக்கிறார்கள், திருவிழாவுக்கு முன் அறையை வெள்ளையாக்கித் தாருங்கள் என்று உடப்பிலிருந்தும் ஓர் அக்கா வந்தார். பெருநாள் மாதம் வந்தால் நமக்குத் தலை சொறிய நேரம் கிடையாது. சீலிங்காரிகள் என்று பெயர் வைத்தார்கள். பஸ்ஸில் ஏணியை ஏற்றுவதற்கு நடத்துநரோடு நீ சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சண்டை பிடித்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

நம் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. ஹோலில் கதிரை போட்டு இருந்து, பிளேன்டி குடித்துவிட்டுப் போகிற விருந்தாளிக்கு சீலிங்கின் நடுப்பகுதி வெள்ளையாக இருந்தால் போதும். அவர் மேலே பார்ப்பதேயில்லை. நமக்கு வேலை தருகிறவளோ நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பவள். அவளுக்கு நடு ஒரு பொருட்டல்ல, ஓரம்தான் எல்லாம். சீலிங்கும் சுவரும் சேர்கிற இடத்தில் ஒரு மயிரிழை பிசகினாலும் அவளுடைய கண் அங்கேதான் போய் நிற்கும். இத்தாவில் இருக்கிறவளைப் போலக் கறாரான மேற்பார்வைக்காரி இந்த உலகத்தில் கிடையாது.

அந்த ஓரத்தில்தான் நமக்குள் சண்டை. நீ பிரஷ்ஷை அரைவாசிக்குத் தோய்த்து, தகரத்தின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, மூலையில் நுனியை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுவையாக இழுப்பாய். கை எட்டும் தூரம்வரை ஒரே கோடு. நூல் பிடித்தது போல் இருக்கும். "கண்ணு பிரஷ்ஷுக்கு முன்னால போகோணும்" என்பாய். என் கண் முன்னாலும் போகும், பின்னாலும் போகும், கை மட்டும் தன் பாட்டுக்குப் போகும். அதனால் நான் ஹாட்வெயார் கடையில் டேப் வாங்கினேன்.

நீ சிரித்த சிரிப்பை மறக்கவே மாட்டேன். "என்ன புள்ள இது, சுவருக்குக் காயமா? பிளாஸ்டர் போடுறாய்?"

உன் கேலியில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு, காற்றிலேயே உப்பு. இந்த ஊர்ச் சுவர்கள் உப்புப் பூக்கும். மாவு படிந்த சுவரில் டேப் ஒட்டாது. ஒட்டினால், இழுக்கும்போது சுவரின் தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். நான் விடவில்லை. ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டுப் பார்த்தேன். ஒட்டிய டேப்பைக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். அதன் விளிம்பில் முதலில் சுவரின் நிறத்தையே மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசிவிட்டால், இருக்கிற சந்துகளையெல்லாம் அது அடைத்துக்கொள்ளும், பிறகு மேலிருந்து வெள்ளை உள்ளே கசியாது என்று கண்டுபிடித்த நாளில் எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. உன்னை இழுத்து வந்து காட்டினேன். நீ ஏணியில் ஏறி, மூக்கு சுவரில் முட்ட முட்டப் பார்த்தாய். குறை ஒன்றும் கிடைக்கவில்லை.

"நல்லாத்தான் இரிக்கு" என்றாய். "ஆனா நீ ஒட்டி முடிக்கிறதுக்குள்ள நான் ஓரத்தையும் அடிச்சு, சோத்தையும் ஆக்கிப் போடுவன்."

குறிஞ்சிப்பிட்டி வீடு ஞாபகம் இருக்கிறதா? நோன்பு மாதம். பெரிய அறை, நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டாவது பூச்சை முடிக்கும்போது நோன்பு திறக்கிற மஃரிபுக்குப் பாங்கு சொல்லப் போகிறார்கள். ஈரம் காயுமுன் டேப்பை உரித்துவிட வேண்டும், அதுதான் முறை. ஆனால் வீட்டுக்காரி கஞ்சிக் கோப்பையை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடக்கிறது. "அது எங்க ஓடப் போகுது, நாளைக்கு உரிப்பம்" என்று இறங்கிவிட்டோம். அடுத்த நாள் இழுத்தால், டேப்போடு சேர்ந்து சீலிங் பெயின்டும் நாடா நாடாக உரிந்து வருகிறது! வீட்டுக்காரி தலையில் கை வைத்துவிட்டாள். எனக்கு அழுகை முட்டியது. நீ ஏணியின் அடியில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"நாங்க கஞ்சி குடிச்சம், உன்ட டேப்பு பெயின்ட்டக் குடிச்சிட்டு. பாவம், அதுவும் நோன்புதானே!"

சிரித்து முடித்த கையோடு பிரஷ்ஷை எடுத்து, அந்த அறையின் ஓரம் முழுவதையும் வெறும் கையால் அடித்து முடித்தாய். அன்றிலிருந்து நோன்பு மாதத்தில் பின்னேரம் அஸருக்குப் பிறகு நான் டேப் ஒட்டுவதில்லை. இப்போது என்னோடு வேலைக்கு வருகிற பெண்களுக்கும் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அன்று நீ உரித்துப் போட்ட டேப்பையெல்லாம் பந்தாக உருட்டி வெளியே எறிய, தெருவில் மேய்ந்த கழுதை ஒன்று அதை மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது. "பாத்தியா, கழுதைக்கும் பிடிக்கல்ல" என்றாய்.

இப்படியே போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

உன் கை நடுங்கத் தொடங்கியதை நான் முதலில் பிளேன்டிக் கோப்பையில்தான் கண்டேன். கோப்பை தட்டில் கிடுகிடுத்தது. பசி என்றாய். பிறகு ஒருநாள் வெயில் என்றாய், மற்றொரு நாள் தூக்கமில்லை என்றாய். நானும் தலையாட்டினேன். ஆனால் ஓரம் காட்டிக்கொடுத்துவிட்டது. ஓர் இத்தா வீட்டில் வேலை முடிந்து நீ சாமான்களைக் கழுவப் போனபோது, அந்த வீட்டுப் பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்து மெதுவாகக் கேட்டாள்.

"ராத்தா, கோவிக்காதீங்க. அந்த மூலையில கோடு நெளியுது. இதுக்கு முந்தி எங்கட மாமிட வீட்டில அடிச்சவவும் இவதானா?"

அவள் சொன்னது பொய்யாக இருந்தால் திட்டியிருப்பேன்.

அடுத்த வீட்டுக்கு நான் நேரத்தோடு போனேன். நீ வருமுன் நாலு சுவருக்கும் டேப் ஒட்டி முடித்துவிட்டேன். உன் பக்கத்துக்கும்தான். நீ வந்து, செருப்பைக் கழற்றி, மேலே பார்த்தாய்.

"இது ஆருக்கு?"

வேறு யாராவது என்றால் ஏதாவது சாட்டுச் சொல்லியிருப்பார்கள். உன்னிடம் பூசி மெழுகிப் பேச எனக்கு வராது. "உனக்குத்தான். உன்ட கை நடுங்குது. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பின்ன என்னத்துக்கு ஒளிக்கிறாய்?"

"என்ட கைக்கு வேலி கட்டுறியா நீ?"

"ஓம், கட்டுறன். விழுந்திரும் எண்டு பயந்துதான் கட்டுறன்."

நான் தோய்த்து வைத்திருந்த பிரஷ்ஷைக் கழுவி, உதறி, தண்ணீர் வாளியில் நிறுத்தி வைத்துவிட்டுப் போனாய். அந்தக் கோபத்திலும் பிரஷ்ஷைக் காய விடவில்லை நீ. நான் அந்த வீட்டைத் தனியாக முடித்தேன். நீ கூப்பிடும்வரை வருவதில்லை என்று எனக்கும் பிடிவாதம். அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அது வேறு கதை.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு இருக்கையில் போன் அடித்தாய். "வந்து பாத்திட்டுப் போ." அவ்வளவுதான். வந்தேன். உன் அறையில் கட்டிலைத் தள்ளி வைத்து, ஏணி போட்டு, சீலிங் முழுவதையும் நீ ஒருத்தியாகவே அடித்திருந்தாய். டேப் இல்லை. மூன்று பக்கம் ஒருவாறு தப்பியிருந்தது. நாலாவது பக்கத்தில், கை களைத்த இடத்தில், கோடு நெளிந்து நெளிந்து ஓடியது. எனக்குக் காட்ட வேண்டும் என்றுதான் அடித்திருக்கிறாய். சரியாக வந்திருந்தால் என் மூஞ்சிக்கு முன்னால் நின்று கெக்கலித்திருப்பாய்.

"மூச்ச அடக்கிப் பாத்தன். முழங்கையச் சுவரில ஊண்டிப் பாத்தன். ஏலாது புள்ள" என்றாய். "கண்ணு முன்னால போகுது. கை வருகுதில்ல."

அன்றைக்குத்தான் நீ அழுததை நான் பார்த்தேன். புருஷன் மௌத்தான அன்றும் மற்றவர்களைத் தேற்றிக்கொண்டு நின்றவள் நீ. நான் உன்னைக் கட்டிப்பிடித்தேன். என் மேலெல்லாம் வெள்ளை ஒட்டியது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு, "நாளைக்கு எத்தின டேப்பு வேணும்?" என்று கேட்டாய்.

அதற்குப் பிறகு உன் அட்டகாசம்! டேப்புக்கு எதிரியாக இருந்தவள் டேப்புக்கு மாமியாராகிவிட்டாய். மூலையில் சேர்த்த இடத்தில் ஒரு சுருக்கம் இருந்தால் போதும், "ஆரு ஒட்டினது இத? கண்ணத் தொறந்துதான் ஒட்டினியா?" என்று என்னையே உரிக்கச் சொல்லி மறுபடி ஒட்ட வைப்பாய். நடுங்குகிற கையோடு நீ அடித்த வீடுகளில் ஒருத்தியும் குறை சொன்னதில்லை. எனக்கு அதைவிட ஒரு சந்தோஷம் இருந்ததில்லை. டேப்பை வாங்கியபோது எனக்காக வாங்கினேன் என்றுதான் நினைத்தேன். உன்னை ஏணியில் இன்னும் கொஞ்சக் காலம் நிறுத்தி வைக்கத்தான் அல்லாஹ் அதை என் கையில் தந்திருக்கிறான் போலும்.

உன் அறைக் கோட்டை மட்டும் திருத்த விடவில்லை. "கிடக்கட்டும், ஊர் வேலைய முடிச்சிட்டுப் பாப்பம்" என்பாய். ஊர் வேலை எப்போது முடிந்தது? பெருநாள் போனால் ஹஜ்ஜுப் பெருநாள், அது போனால் கலியாண வீடுகள். பிறகு உன் நெஞ்சு மோசமாகி நீ படுத்தாய். பெயின்ட் மணமே ஆகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஊரெல்லாம் படுத்துக் கிடந்தவளுகளுக்காக ஓரம் பார்த்துப் பார்த்து அடித்தவள், அந்த நெளிந்த கோட்டுக்குக் கீழேயே படுத்துக் கிடந்தாய். நான் வந்து இருக்கும் போதெல்லாம் உன் கண் அங்கேதான் போகும்.

"நான் மௌத்தாகினா இந்த அறையிலதான் கிடத்துவாங்க" என்றாய் ஒரு நாள். "வாரவளுகள் எல்லாம் மேல பாப்பாளுகள். 'இவட சீலிங்கா இது?' எண்டு கேப்பாளுகள். பாத்துக்க."

"வாய மூடு. பொல்லாத கதை கதைக்காத" என்றேன்.

நீ சொன்னபடியேதான் நடந்தது. ஜனாஸா வீட்டில், உன் தலைமாட்டில் நான் யாஸீன் ஓதிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் ஒருத்தி மற்றவளுடைய காதில் குசுகுசுக்கிறாள்: "ஊருக்கெல்லாம் அடிச்சவட சீலிங்கப் பாரு." கிதாபை மூடிவிட்டுத் திரும்பினேன்.

"அது நான் அடிச்சது" என்றேன். அறை முழுக்கக் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். "அவட கை இல்ல அது. என்ட கை."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மௌத்து வீட்டில் சொன்ன பொய்யை அல்லாஹ் மன்னிப்பான். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, மறுபடி யாராவது கேட்டால் மறுபடியும் அதையேதான் சொல்வேன்.

உன் மகள் அன்று அந்த அறையில்தான் இருந்தாள். இன்று காலை நான் ஏணியிலிருந்து இறங்கியதும் அந்தக் கதையைத்தான் எடுத்தாள். "நீங்க அண்டைக்குப் பொய் சொன்னீங்க சாச்சி. எனக்குத் தெரியும், அது உம்மா அடிச்சது. அவங்கட கை பட்டது வேற என்ன இரிக்கு எனக்கிட்ட? நாற்பது நாளும் அதப் பாத்துக்கிட்டே படுத்திரிப்பன்."

'அது உன் உம்மா இல்லை மகள், உன் உம்மாவின் கைக்கு வந்த வருத்தம்' என்று நாக்கு நுனிவரை வந்தது. அவளுடைய கண்ணைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. சரி மகள், மற்ற மூன்று பக்கமும் நடுவும் அடிக்கிறேன், அதை விட்டுவிடுகிறேன் என்றேன். பெயின்ட் மணம் அவளுக்கு ஆகாது என்று என் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். போய்ப் படு, பகலைக்கு வருகிறேன் என்றேன். பிறகு உன் அறையில் தனியாக நின்று, வாய்க்கு வந்தபடி உன்னைத் திட்டிக்கொண்டு ரோலரை உருட்டினேன். 'அப்போதே என்னைத் திருத்த விட்டிருந்தால் இந்தப் பாடு உண்டா?' என்று சத்தமாகவே கேட்டேன்.

பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். உன் மகள் ஹோலில் மின்விசிறிக்குக் கீழே பாய் போட்டுச் சாய்ந்து கிடந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு.

"சாச்சி, ஊர் முழுக்க வெள்ளையடிக்கிறீங்க. உங்கட சீலிங் மட்டும் ஏன் இப்பிடி மஞ்சளிச்சுப் போய்க் கிடக்கு?"

நான் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். எனக்கு அது வரை தோன்றவேயில்லை, சத்தியமாக. என்ன புத்தி எனக்கு!

"நடுவப் பாக்காத" என்றேன். "ஓரத்தப் பாரு."

அவள் பார்த்தாள். கண்ணை வாசல் பக்கமிருந்து யன்னல் பக்கம்வரை மெதுவாகக் கொண்டு போனாள். அங்கிருந்து அலுமாரி மூலைக்கு, திரும்ப வாசலுக்கு. படுத்துக் கிடக்கிறவள் பார்க்கிற பார்வை அது. குறை தேடுகிற பார்வை. ஓரிடத்திலும் கண் தடக்கி நிற்கவில்லை.

"டேப் ஒட்டியா அடிச்சது?"

"இல்ல."

"நீங்களா?"

"எனக்கு டேப் இல்லாம ஒரு சாண் வராது, மகள். உன்ட உம்மா அடிச்சது. இத்தா வீட்டில வேலை முடிஞ்சு வந்து, மிச்சப் பெயின்ட வீணாக்காம என்ட வீட்டுக்கு அடிச்சா. மூச்சப் பிடிக்கக்கூட இல்ல, பாட்டுப் படிச்சுக்கிட்டே அடிச்சா. வாயத் தொறந்தா கோடு பிழைக்கும் எண்டு நான் சொன்னன். 'பிழைச்சாப் பாப்பம்' எண்டா."

சின்ன வயதிலிருந்து அந்த ஹோலில்தான் அவள் ஓடித் திரிந்தாள். பாண் தின்றது, படித்தது, உன்னிடம் அடி வாங்கி ஒளிந்தது எல்லாம் அங்கேதான். ஒரு நாளும் மேலே பார்த்ததில்லை. ஏன் பார்க்கப் போகிறாள்? மல்லாந்து படுக்கிற காலம் இப்போதுதான் அவளுக்கு வந்திருக்கிறது. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மற்றக் கையை மேலே நீட்டி, காற்றில் அந்தக் கோட்டை விரலால் இழுத்துப் பார்த்தாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன். சோறு ஆறிப் போனது.

கண்ணைத் துடைத்துவிட்டு அவளே சொன்னாள்: "அறையில இருக்கிற கோட்ட உம்மா ஒவ்வொரு நாளும் பாத்துக்கிட்டேதானே கிடந்தா?"

"ஓம்."

"வெக்கப்பட்டிருப்பா."

"ரொம்ப."

"பின்னேரமே போய் அத அடிங்க சாச்சி. வடிவா டேப் ஒட்டி அடிங்க."

அஸர் தொழுதுவிட்டு வந்தேன். டேப்பை ஒரு விரல் கீழே இறக்கி ஒட்டினேன். அப்படி ஒட்டினால் நெளிவெல்லாம் வெள்ளைக்குள் போய்விடும். கரண்டியால் தேய்த்தேன், நீலத்தால் விளிம்பை அடைத்தேன், பிறகு வெள்ளை, காய்ந்த பின் மறுபடி வெள்ளை. ஈரம் இருக்கும்போதே, நுனியைப் பிடித்து, அவசரப்படாமல் சாய்வாக இழுத்தேன். பிசகில்லை. நீ இருந்திருந்தால் ஏணியில் ஏறி மூக்கை முட்டிப் பார்த்து, ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்திருப்பாய். கண்டுபிடிக்க முடியாமல் போயிருந்தால் இன்னும் கோபப்பட்டிருப்பாய். உன் மகள் வாசலில் நின்று, முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினாள்.

இனி உன் அறையில் உன்னைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் ஹோல் சீலிங்கை நான் அடிக்கப் போவதுமில்லை, ஒருத்தியையும் தொட விடப் போவதுமில்லை. பெருநாளுக்குப் பெருநாள் ஊர் வீடுகள் வெளுக்கட்டும், என்னுடையது மஞ்சளிக்கட்டும். நிறம்தான் போகிறது, கோடு போகவில்லை. எனக்கும் ஒரு நாள் மௌத்து வரும். என்னை அந்த ஹோலில்தான் கிடத்துவார்கள். வருகிறவளுகள் மேலே பார்ப்பாளுகள். நன்றாகப் பார்க்கட்டும். ஆரு அடிச்சது இது என்று ஒருத்தி கேட்காமல் இருக்கமாட்டாள். பதில் சொல்ல உன் மகள் இருப்பாள்.